பேனா நீட்டும் துரையின் கால்

அந்தப் படங்கள் ஒரு திங்கட்கிழமை மத்தியானம், ஜூலை மாத மழையில், பழைய கம்பளி ஒன்றில் சுற்றப்பட்டு என் கடைக்கு வந்தன. ஊட்டி பஜாரில் எனக்கு பிரேம் கடை. கல்யாணப் படம், பட்டம் வாங்கின படம், இறந்தவர் படம், முருகன், மாதா, மக்கா மதீனா என்று எது வந்தாலும் கண்ணாடியும் சட்டமும் போட்டுக் கொடுத்துவிடுவேன். பிரெஞ்சு தேசத்துப் படம் வந்தது அன்றைக்குத்தான்.

கொண்டுவந்தவரைக் கம்பெனிக்காரர் என்றே சொல்கிறேன். நாற்பது வயதிருக்கும், கோயம்புத்தூர்ப் பக்கம். மசினகுடியில் காட்டை ஒட்டி நாற்பது காட்டேஜ் கட்டுவது, அவற்றைப் பங்கு போட்டு விற்பது, டூரிஸ்டுகள் கொடுக்கும் வாடகையை மாதாமாதம் பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது. இதுதான் அவருடைய திட்டம். இதற்காகக் குன்னூரில் ஒரு ஆபீஸ் எடுத்திருந்தார், வெள்ளிக்கிழமை திறப்பு விழா. யாரோ ஒரு பழைய பங்களாவை விற்றுவிட்டுச் சாமான்களை ஏலம் போட்டபோது இந்தப் படக்கட்டை மொத்தமாக எடுத்துவிட்டார்.

"பன்னண்டு படம் பாய். வியாழக்கிழமை சாயங்காலம் ரெடியா இருக்கோணுங்க. ஆபீசுக்குள்ள நுழையறவன் அசந்து போகோணும்."

மேஜையில் விரித்துப் பார்த்தேன். கல்லச்சில் அடித்து, மேலே கையால் வண்ணம் பூசின தாள்கள். மலை ஈரத்தில் ஓரமெல்லாம் பழுப்புப் புள்ளி விழுந்திருந்தது. உயரத் தொப்பியும் நீளக் கோட்டும் போட்ட துரைகள், தூண் வைத்த பெரிய கட்டடம், அதன் வாசலில் காகிதத்தை ஆட்டிக்கொண்டு கூட்டம். எல்லோருக்கும் தலை மட்டும் உடம்புக்குப் பொருந்தாமல் பெரிதாக இருந்தது. படத்துக்கு அடியில் இரண்டு மூன்று வரி எழுத்து.

"தலை எதுக்குங்க இத்தாப்பெருசு?" என்று கேட்டேன்.

"மூளைக்காரங்கன்னு அர்த்தம் பாய். இதெல்லாம் பிரான்சுல பெரிய பெரிய பேங்க் முதலாளிங்க. நம்ம பிசினசுக்குன்னே வரைஞ்ச மாதிரி இருக்குது பாருங்க."

நானும் தலையாட்டினேன். முப்பது வருடமாகப் படம் பார்த்தே சோறு தின்கிறவன் நான். கேலிக்கு வரைந்த படத்தை மரியாதைக்கு வரைந்த படம் என்று நம்பித் தலையாட்டினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எனக்குக் கோபம் வரும்.

அடியில் எழுதியிருப்பது என்ன என்று விசாரித்து வைக்கச் சொன்னார். நல்ல வார்த்தையாக இருந்தால் தமிழில் அடித்துப் பக்கத்திலேயே ஒட்டிவிடலாமாம். கிளம்பும்போது, வாசலில் குடையை விரித்துக்கொண்டே, முக்கியமான விஷயத்தைச் சொன்னார். "நாப்பது காட்டேஜ் பாய். காட்டேஜுக்கு நாலு படம். அத்தனையும் உங்களுக்குத்தான். வேற கடைக்குப் போகமாட்டேன்." நூற்றி அறுபது சட்டம். அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை, சந்தோஷத்தில்.

இந்த இடத்தில் என் தங்கச்சியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவளும் அந்த வாரம் அதே கம்பெனியில் பணம் போடுவதாக இருந்தாள். குன்னூர்ப் பக்கம் வெடிமருந்துத் தொழிற்சாலையில் கிளார்க்காக இருந்து அந்த மே மாதம்தான் ரிட்டயர் ஆனாள். வீட்டுக்காரர் போய் ஒன்பது வருடம், பிள்ளை இல்லை. குவார்ட்டர்ஸை எட்டு மாதத்தில் காலி செய்ய வேண்டும். ரிட்டயர்மென்டில் வந்த பணத்தில் சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொள்ள வேண்டும் என்பது அவளுடைய இருபது வருடத்துக் கனவு. பணம் கொஞ்சம் போதவில்லை. பேங்கில் போட்டு வளர்க்கலாம் என்றால் அது வட்டி, எங்கள் மார்க்கத்தில் ஆகாது. வட்டிப் பணம் தொடமாட்டேன் என்பதில் அவள் எங்களைப் பெற்ற அத்தாவைவிட அழுத்தக்காரி. கம்பெனிக்காரருக்கு எங்கள் ஜனத்தின் இந்த நாடி நன்றாகத் தெரிந்திருந்தது. "இது வட்டி இல்லீங்கம்மா, வாடகை. உங்க கட்டடத்துக்கு உங்களுக்கு வர்ற வாடகை" என்று சொல்லியிருக்கிறார். பள்ளிவாசல் தெருவில் பாதிப் பேர் அந்த ஒரு வார்த்தைக்கு மயங்கியிருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை காலையில் போன் செய்தாள். "அண்ணா, அந்தக் கம்பெனிக்கு நீங்கதான் படம் மாட்டிக் குடுக்கறீங்களாமே? அப்பறம் என்னுங்க, எனக்கு பயமே போயிருச்சு. உங்களுக்குத் தெரியாமயா இருக்கும்?"

எனக்கு என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. ஆனால் அதைச் சொல்லவில்லை. தங்கச்சி வாயால் பெரிய மனுஷன் பட்டம் கிடைக்கும்போது எந்த அண்ணன் வேண்டாம் என்பான்?

நூற்றி அறுபது சட்டத்துக்கு அளவு வேண்டும் இல்லையா? அன்று மத்தியானமே கம்பெனிக்காரருக்குப் போன் போட்டேன். சுவர் எத்தனை அடி, ஜன்னல் எந்தப் பக்கம், வெளிச்சம் எப்படி விழுகிறது என்று பார்க்காமல் நான் மரம் வாங்குவதில்லை. ஒரு நடை மசினகுடிக்கு வந்து அளந்துவிட்டுப் போகிறேன் என்றேன்.

"இப்ப வேண்டாம் பாய். சுவர் இன்னும் எழும்பலைங்க."

"எத்தனை காட்டேஜுக்கு எழும்பலைங்க?"

"எல்லாத்துக்கும்தானுங்க. மழை விடட்டும். நீங்க படத்தைப் பாருங்க பாய்."

போனை வைத்த பிறகுதான் ஞாபகம் வந்தது. பங்குதாரர்களுக்கு அவர் கொடுத்த வழவழப்பான புத்தகத்தில் காட்டேஜுக்குள் கட்டிலும் திரையும் போட்ட படம்கூட இருந்தது. சுவரே இல்லாத இடத்தில் கட்டில் எப்படி வந்தது? கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

புதன்கிழமை, நான் சொல்லியனுப்பின பிரெஞ்சு டீச்சர் வந்தார். போர்டிங் ஸ்கூலில் பாடம் நடத்துகிறவர், என் பழைய வாடிக்கைக்காரர். படங்களைப் பார்த்த மாத்திரத்தில் வாய்விட்டுச் சிரித்தார்.

"யாருங்க இதை ஆபீசுல மாட்டப் போறது? இது எல்லாம் கேலிப்படம். ஷேர் வித்து ஊரை ஏமாத்தினவங்களைக் கிண்டல் பண்ணி அந்தக் காலத்துல பாரீஸ்ல அச்சடிச்சு வித்தது. தலையைப் பெரிசா போட்டாலே நக்கல்னு அர்த்தம்."

ஒவ்வொரு படமாக எடுத்து அர்த்தம் சொன்னார். நான் எழுதிக்கொண்டேன். எழுதியது எங்கே என்றால், பின்பலகையில். பன்னிரண்டு பலகையும் வெட்டித் தயாராக மேஜையில் இருந்தன. சட்டம் போடும்போது பலகையின் உள்பக்கம் பென்சிலால் தேதி, வாடிக்கைக்காரர், படம் என்ன என்று குறித்து வைப்பது என் வழக்கம். பின்னொரு நாள் எவனாவது பிரித்தால் அவனுக்கு உதவும். அதே பழக்கத்தில், தேதியும் கிழமையும் போட்டு, அதன் கீழே டீச்சர் சொன்னதைத் தமிழில் எழுதிக்கொண்டே போனேன்.

ஒரு படத்தில் ஒருத்தன் பள்ளத்தின் விளிம்பில் நின்று இன்னொருத்தனை எட்டிப் பார்க்க வைக்கிறான். "தங்கச் சுரங்கம் தெரிகிறதா?" "ஒன்றும் தெரியவில்லையே." "அவ்வளவு ஆழம், ஐயா!" இதை எழுதும்போது எனக்கும் சிரிப்பு வந்தது. உடனே மசினகுடிச் சுவர் ஞாபகம் வந்து சிரிப்பு நின்றுபோனது.

கடைசியாக ஒரு படம். ஒரு துரை இடுப்பை வளைத்து ரொம்ப மரியாதையாகப் பேனாவை நீட்டுகிறான். எதிரே குல்லாய் கட்டிய ஒரு வயதான அம்மா, கையெழுத்துப் போட மேஜைக்குக் குனிகிறாள். மேஜைக்குக் கீழே பார்த்தால்தான் சங்கதி. அந்த அம்மா தரையில் வைத்திருக்கும் பணப்பையை துரையின் கால் சத்தமில்லாமல் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருக்கிறது. அடியில் எழுதியிருந்தது: "என் பணத்தை இனி எப்போது பார்க்கலாம்?" "இப்போதே நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள், அம்மா."

எழுதி முடித்துப் பென்சிலைக் கீழே வைத்தேன். டீச்சர் போன பிறகும் வெகுநேரம் துரையின் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் கம்பெனிக்காரர் வந்தார். அர்த்தத்தை ஒளிக்காமல் சொன்னேன். அந்த மட்டில் நான் யோக்கியன்தான். கோபித்துக்கொண்டு படங்களைச் சுருட்டிக்கொண்டு போவார் என்று எதிர்பார்த்தேன். போயிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். அவர் என் தோளில் தட்டினார்.

"எவனோ வெள்ளக்காரன் எந்தக் காலத்துலயோ எழுதுனது. நம்மளுக்கு என்னுங்க? எழுத்தை மூடிருங்க பாய். படம் கம்பீரமா இருக்குது, அது போதும்."

"கடைசிப் படத்துல கால் இருக்குதுங்களே."

"அதையும் சேர்த்து மூடுங்க."

மூடுவது எனக்கு ஒரு வேலையே இல்லை. படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் வைக்கிற கெட்டி அட்டைக்கு மவுண்ட் என்று பெயர். அதில் ஜன்னல் மாதிரி ஒரு சதுரம் வெட்டுவோம். ஜன்னல் வழியாகத் தெரிவதுதான் படம். ஜன்னலின் கீழ்க் கோட்டை இரண்டு விரல் உயர்த்தி வெட்டினேன். எழுத்து மறைந்தது, பள்ளம் மறைந்தது, துரையின் காலும் அந்த அம்மாவின் பையும் மறைந்தன. வைத்துப் பார்த்தபோது எனக்கே திக்கென்றது. ஒரு கனவான் ஒரு பெரிய அம்மாவுக்கு மரியாதையாகப் பேனா நீட்டுகிறார். வேறொன்றுமே இல்லை. என் கத்தி அவ்வளவு சுத்தமாக வேலை செய்திருந்தது.

பலகையில் எழுதியதை அழிக்க ரப்பரைக்கூட எடுத்தேன். உள்பக்கம்தானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று அப்படியே வைத்து ஆணி அடித்துவிட்டேன்.

வியாழக்கிழமை தங்கச்சி நேரில் வந்தாள். ட்ரெஷரியில் ஏதோ வேலை என்று வந்தவள், மழையில் நனைந்து, முக்காட்டைப் பிழிந்துகொண்டு என் எதிரில் உட்கார்ந்தாள். பன்னிரண்டு படமும் சுவரோரம் சாத்தி வைத்திருந்தது. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தவள் கடைசிப் படத்தில் நின்றாள்.

"ஏனுங்ணா, இந்தம்மாவுக்கு எவ்வளவு மரியாதை குடுக்கறாரு பாருங்க. என்னை மாதிரி தனிக்கட்டை போலிருக்குது." பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "நாளைக்குக் கையெழுத்துப் போடச் சொல்றாங்க. இருக்கறது பூராவும் போடறேன். எனக்கொரு ஊடுங்கறதே இதுலதானுங்ணா இருக்குது. நீங்க சொல்லுங்க, போடட்டுமா?"

மழைச் சத்தம் கடைத் தகரத்தில் காதைப் பிளந்தது. சொல்ல வேண்டியது நாக்கு நுனியில் இருந்தது. சுவர் எழும்பவில்லை. இரண்டே வார்த்தை. அல்லது அந்தச் சட்டத்தைத் திருப்பி, நான்கு ஆணியைப் பிடுங்கிக் காட்டியிருந்தால் பேசவே வேண்டியதில்லை. ஆனால் நூற்றி அறுபது சட்டம் குறுக்கே வந்து நின்றது. சந்தேகம்தானே, நிச்சயமாகத் தெரியாதே என்று உள்ளே ஒரு குரல் வக்கீல் மாதிரி பேசியது. அந்தக் குரல் என்னுடையதுதான், வேறு யார்மேலும் பழி போட முடியாது.

"எதுக்கும் கொஞ்சம் பொறுத்துப் பாரேம்மா" என்றேன்.

"வெள்ளிக்கிழமைக்கு மேல பங்கு ரேட்டு ஏறிருமாமுங்க."

"அப்ப உன் இஷ்டம்."

அவள் சிரித்தாள். எங்கள் வீட்டில் 'உன் இஷ்டம்' என்று அண்ணன் சொன்னால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வதுதான் சின்ன வயதிலிருந்து பழக்கம். அது எனக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலையில் குன்னூர் ஆபீசில் நானே ஏணி போட்டுப் பன்னிரண்டு படத்தையும் மாட்டினேன். பேனா நீட்டும் துரையை எங்கே மாட்டுவது என்று கேட்டபோது, கையெழுத்து மேஜைக்கு நேர் மேலே என்றார் கம்பெனிக்காரர். ஜும்மா தொழுகைக்குப் போகிறவர்கள் வசதிக்காக விழாவைப் பதினோரு மணிக்கே வைத்திருந்தார். சுடச்சுட டீயும் வர்க்கி பிஸ்கட்டும் கொடுத்தார்கள். படத்தைப் பார்த்தவர்கள் எல்லாம் பழைய காலத்து முதலாளிகளின் கம்பீரத்தைப் புகழ்ந்தார்கள்.

தங்கச்சி நீலச் சேலை கட்டி வந்திருந்தாள். மேஜைக்கு முன்னால் உட்கார்ந்தாள். கம்பெனிக்காரர் எழுந்து, இடுப்பை வளைத்து, இரண்டு கையாலும் அவளுக்குப் பேனாவை நீட்டினார். மேலே படத்திலும் அதே வளைவு. ஏணியை மடக்கிக்கொண்டு நின்றிருந்த நான், என்னையறியாமல் குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தேன். அவர் கால் ஒழுங்காகத்தான் இருந்தது. பளபளவென்று பாலிஷ் போட்ட ஷூ.

அவள் பேனாவைத் திறந்து என்னைத் தேடினாள். கூட்டத்தில் கண்டுபிடித்துப் பார்த்தாள். நான் ஏணியின் பூட்டைச் சரிசெய்கிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டேன். நிமிர்ந்தபோது கையெழுத்து முடிந்துவிட்டது. ஜனங்கள் கை தட்டினார்கள்.

பிறகு சேர்ந்தவர்கள் போட்ட பணத்திலிருந்துதானோ என்னவோ, நான்கு மாதம் வாடகை வந்தது. ஐந்தாவது மாதம் வரவில்லை. ஆறாவது மாதம் கம்பெனிக்காரர் போனையே எடுக்கவில்லை. பங்குதாரர்கள் ஒரு வேன் பிடித்து மசினகுடிக்குப் போனார்கள். முள்கம்பி வேலியும் ஒரு போர்டும் மட்டும்தான் இருந்தன. கேஸ் கொடுத்திருக்கிறார்கள், நடந்துகொண்டிருக்கிறது. அவர் எங்கே என்று இதுவரை தெரியவில்லை.

குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுத் தங்கச்சி என் வீட்டுக்கு வந்தாள். முன்னறையை அவளுக்கு ஒழித்துக் கொடுத்தோம். அண்ணன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். யாராவது அதைச் சொல்லும்போது உடம்பு கூசும், ஆனாலும் வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொள்வேன். அவள் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. "உங்களையும்தானுங்ணா ஏமாத்திட்டான். எத்தனை சட்டம் தர்றேன்னான்" என்று எனக்குத்தான் ஆறுதல் சொன்னாள். வைதிருந்தால் தாங்கியிருப்பேன்.

போன மார்ச்சில் கட்டடத்துச் சொந்தக்காரர் போலீசிடம் கேட்டு அந்த ஆபீசைக் காலி செய்தார். பங்குதாரர்கள் கிடைத்ததை எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். நாற்காலி, டீ கெட்டில், மின்விசிறி என்று ஆளுக்கு ஒன்று தூக்கிக்கொண்டு போனார்கள். தங்கச்சி பேனா நீட்டும் துரையைக் கழற்றி, சேலைத் துணியில் சுற்றி, பஸ்சில் மடியில் வைத்துக்கொண்டு நேராக என் கடைக்கு வந்தாள்.

"பழைய பிரெஞ்சுப் படம் நல்ல விலைக்குப் போகுமாமே. பின்னால ஏதாச்சும் சீல் இருக்குதான்னு கழட்டிப் பாருங்ணா."

பலகையில் எழுதியதை அழிக்காமல் ரப்பரைக் கீழே வைத்தது எனக்கு அந்தக் கணமே ஞாபகம் வந்தது. "இப்ப வேண்டாம். நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றேன். "கண்ணாடி உடைஞ்சிரும்" என்றேன். "டீ சொல்லட்டுமா?" என்றேன். முப்பத்திரண்டு வருடம் ஆபீசில் கோப்பு பார்த்தவளுக்கு, ஒருத்தன் தள்ளிப்போடுகிறான் என்றால் தெரியாதா? என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, மேஜையில் கிடந்த குறடை அவளே எடுத்தாள். படத்தைக் கவிழ்த்துப் போட்டு ஒவ்வொரு ஆணியாகப் பிடுங்கினாள். நான் தடுக்கவில்லை. நான்காவது ஆணி வந்ததும் பலகையைத் தூக்கித் திருப்பினாள்.

படித்தாள். மெதுவாக, உதடு அசைய. பிறகு படத்தை எடுத்து, மவுண்டிலிருந்து பிரித்து, கீழ்ப்பக்கத்தைப் பார்த்தாள். துரையின் காலைப் பார்த்தாள். பையைப் பார்த்தாள். அந்தக் காலின் மேல் ஒரு விரலை வைத்தாள். மறுபடியும் பலகைக்குத் திரும்பினாள்.

"தேதி போட்டிருக்கீங்ணா" என்றாள். "புதன்கிழமை."

மேஜையில் கிடந்த ஆணிகளைப் பொறுக்க ஆரம்பித்தேன்.

"வியாழக்கிழமை இதே நாற்காலியில உட்கார்ந்து உங்ககிட்டக் கேட்டேன்."

"சந்தேகமாத்தான் இருந்துச்சும்மா. நிச்சயமாத் தெரியல..." என்று ஏதோ உளறினேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். கத்தவில்லை, அழவில்லை. நான்தான் அழுதேன், அறுபத்து மூன்று வயதில், கடை திறந்திருக்கும்போது.

"அந்த ஜன்னலைப் பெருசா வெட்டிப் போடுங்ணா. எழுத்து தெரியோணும். காலு தெரியோணும். இந்தப் பலகையையும் ஒரு சட்டத்துல போட்டுப் பக்கத்துலயே மாட்டுங்க, உங்க தேதியோட."

"சரிம்மா. செஞ்சு ஊட்டுக்குக் கொண்டாறேன். உன் அறையிலயே மாட்டிடலாம்."

"அது உங்க சுவரு. எனக்கு ஏதுங்ணா சுவரு? இங்கயே மாட்டுங்க."

துணியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். அந்த வாரமே குன்னூரில், பழைய ஆபீஸ் சிநேகிதி ஒருத்தி வீட்டில், வாடகைக்கு ஒரு அறை எடுத்துக்கொண்டாள். மாதம் ஒரு தடவை நான் போகிறேன். டீ கொடுக்கிறாள். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கிறாள். கடையைப் பற்றி மட்டும் கேட்பதில்லை.

படமும் பலகையும் என் மேஜைக்கு எதிரே மாட்டியிருக்கின்றன. சட்டம் வாங்க வருகிறவர்கள் அது என்ன படம் என்று கேட்கிறார்கள். அர்த்தத்தைப் படித்துச் சொல்கிறேன். எல்லோரும் துரையின் காலைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். பக்கத்தில் இருப்பது யார் எழுத்து என்று சிலர் கேட்பார்கள். என்னுடையது என்று சொல்லிவிட்டு, அவர்கள் கொண்டுவந்த படத்துக்கு அளவு எடுக்க ஆரம்பிப்பேன்.